தேய்ந்த மூட்டும் தெளிந்த சொல்லும்

(ஊர்தி செப்பனிடும் தொழிலாளரும் தமிழன்பரும் ஒருங்கு கூடிய மாலைக் கூட்டமொன்றில், பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)

அன்புசான்ற அவையீர்! பட்டறையில் கைகழுவி நேரே இங்கு வந்தமர்ந்திருக்கும் தம்பிமாரே!

நான் புலவனும் அல்லன், பாவலனும் அல்லன். நாற்பது ஆண்டுகளாக ஊர்திகளின் அடியில் படுத்துக் கிடந்தவன். மற்றவர்கள் அண்ணாந்தால் வானம் தெரியும். நான் அண்ணாந்தால் மசகும் மண்ணும் படிந்த இரும்புதான் தெரியும். அத்தகையவனைத் தமிழ்க்கூட்டத்தில் பேசுக என்று அழைத்தீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றைப் பற்றித்தானே நான் பேச முடியும்? ஆகவே, ஒரு மூட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இதோ, என் கையில் இருக்கிறதே, இதனைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்போர் கையில் வாங்கிப் பார்த்துப் பின்னே அனுப்புங்கள். ஒரு முனையில் கோலிக்குண்டு போல் உருண்டை. அதனின்று நீளும் ஒரு தண்டு. அத்தண்டின் நுனியில் மரைப்புரி. அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த எஃகுத் துண்டு ஒரு குடும்பத்தையே அழித்திருக்கும். அழிக்காமல் விட்டது எங்கள் திறமையால் அன்று. அன்று அந்த வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது என்பதால் மட்டுமே.

நடந்ததைச் சொல்லுகின்றேன்.

ஏழு ஆண்டுகட்கு முன் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சிறு மகிழுந்தை என்னிடம் கொண்டுவந்தார். "மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்னே இடப்புறத்தில் ‘தொக்கு தொக்கு’ என்று ஓசை வருகிறது, பாருங்கள்" என்றார். நான் வேறொரு வண்டியின் அடியில் இருந்தேன். என்னிடம் தொழில் பயின்ற இளைஞனை அழைத்து, "தம்பி, ‘பால் சாயிண்டு’ போயிருக்கிறதா பார்" என்றேன். அவன் குனிந்து விளக்கடித்துப் பார்த்தான். "ஐயா, ‘பால் சாயிண்டு’ நன்றாகத்தான் இருக்கிறது. அதிர்வடக்கிதான் போயிருக்கும்" என்றான். நான் நம்பினேன். அதிர்வடக்கியை மாற்றினோம். ஓசையும் சற்றுக் குறைந்தாற்போல் இருந்தது. ஆசிரியர் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் கிழமை, சந்தைத் தெருவின் வளைவில், மனைவியும் இரு மக்களும் உள்ளே இருக்க, அவர் வண்டியைத் திருப்பினார். இடப்புற முன்னுருளி, அதாவது முன்சக்கரம், கீழ்ப்புறம் வெளியே பிதுங்கிச் சாய்ந்தது. வண்டியின் மூக்கு தரையில் இடித்து நின்றது. ஓட்டுத்தண்டு தன் இருப்பிடத்தினின்று பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எவர்க்கும் காயம் இல்லை. அன்று காலை அதே வண்டியில் அவர் நெடுஞ்சாலையில் சென்று திரும்பியிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு உடல் நடுங்கிற்று.

ஆசிரியர் சினக்கவில்லை. "என்ன அறுந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் சென்ற பின் அந்த இளைஞனை அழைத்து, "தம்பி, ‘பால் சாயிண்டு’ என்றால் என்ன?" என்று கேட்டேன். அவன் சொன்ன விடை இதுதான்: "அந்தக் கறுப்பு ‘ரப்பர்’தானே ஐயா! அது கிழியாமல் இருந்தது. அதனால்தான் நன்றாக இருக்கிறது என்றேன்."

அவையீர்! அவன் பார்த்தது மூட்டை அன்று. மூட்டின் மேற்போர்த்திய புழுதியுறையை. ஈராண்டு என்னிடம் பயின்றவன், நாளுக்குப் பத்துமுறை அச்சொல்லைச் சொன்னவன், அச்சொல் எப்பொருளைக் குறிக்கிறது என்பதை அறியான். குற்றம் அவனுடையதா? இல்லை. அவன் வாயில் ஒரு சொல்லைத் திணித்துவிட்டு, அவன் உள்ளத்தில் ஒரு பொருளை வைக்காமல் விட்ட என்னுடையது. நான் தமிழன், அவனும் தமிழன், எங்கள் இருவர்க்கும் இடையே நின்ற அந்தச் சொல் மட்டும் எங்களுக்கு எதனையும் காட்டாத சொல்லாக இருந்தது.

அன்று மாலையே அவனை அமர்த்திச் சொன்னேன்: "தம்பி, உன் வலக்கையை இடத்தோளின்மேல் வை. இடக்கையைச் சுழற்று. முன்னும் பின்னும் மேலும் கீழும் அது திரும்புகிறதல்லவா? ஏன்? கையெலும்பின் மேல்முனை பந்துபோல் இருக்கிறது. தோளெலும்பில் கிண்ணம்போல் ஒரு குழி இருக்கிறது. பந்து கிண்ணத்துள் அமர்ந்து சுழல்கிறது. இதனைப் பள்ளிப்பாடத்தில் பந்துகிண்ண மூட்டு என்று படித்திருப்பாயே! இடுப்பிலும் அதுவே. வண்டியில் இருப்பதும் அதுவே." அவன் கண்கள் விரிந்தன. "அப்படியானால் கறுப்பு உறைக்கு உள்ளேதான் மூட்டு இருக்கிறதா ஐயா?" என்றான். ஈராண்டில் கற்காததை அரை மணித்துளியில் கற்றான்.

பந்துமூட்டு. இதுதான் இன்றைய உரையின் பொருள். இனி, இஃது எங்கே இருக்கிறது, ஏன் தேய்கிறது, தேய்ந்ததை எவ்வாறு அறிவது, எவ்வாறு மாற்றுவது என்பதை முறையே காண்போம்.

வண்டியின் முன்னுருளி இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்யவேண்டும். மேடு பள்ளத்துக்கேற்ப மேலும் கீழும் ஏறி இறங்கவேண்டும். ஓட்டுநர் திருப்பும் பக்கம் திரும்பவும் வேண்டும். பழைய ஊர்திகளில் திரும்புதற்கு மட்டும் நேர்நின்ற பருமுளை ஒன்றிருந்தது. ‘கிங் பின்’ என்று நாம் சொல்வது அதனைத்தான். இன்றும் சரக்குந்திலும் பேருந்திலும் அதனைக் காணலாம். அம்முளை ஓர் அச்சில் மட்டுமே சுழலும். ஏற்ற இறக்கத்திற்கு வேறு மூட்டுகள் வேண்டும். பந்துமூட்டோ இரண்டு வேலையையும் தான் ஒன்றே செய்யும். அமெரிக்காவில் 1952-இல் வெளிவந்த இலிங்கன் மகிழுந்து முன்னுருளிகளுக்குப் பந்துமூட்டுகளைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தில் 1950-இல் வெளிவந்த போர்டு கான்சல், மெக்பர்சன் என்னும் பொறியறிஞர் வகுத்த நெடுந்தாங்கி முறையைக் கொண்டது. சுருள்வில்லையும் அதிர்வடக்கியையும் ஒரே நெடுந்தண்டாக்கி நிறுத்தும் முறை அது. நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800 அம்முறையைச் சிற்றூர்ப் பட்டறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு மகிழுந்துகளிற் பெரும்பாலானவை அம்முறையினவே.

அம்முறையில் ஒவ்வொரு முன்னுருளிக்கும் கீழே ஒரு பந்துமூட்டு உண்டு. வண்டியின் உடலிலிருந்து வெளியே நீளும் இரும்புக் கையைக் ‘லோயர் ஆர்ம்’ என்கிறோம், அது கீழ்க்கை. உருளியைத் தாங்கித் திரும்பும் வார்ப்பிரும்பை ‘நக்கிள்’ என்கிறோம், அது கணு. கரும்புக்குக் கணு, விரலுக்குக் கணு, உருளிக்கும் கணு. கீழ்க்கையையும் கணுவையும் இணைப்பது பந்துமூட்டு. கிண்ணம் கீழ்க்கையில் இருக்கும். பந்தினின்று நீளும் தண்டு கணுவின் துளையில் செருகப்பட்டிருக்கும். பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே நெகிழியாலோ மாழையாலோ ஆன மெல்லிய உள்ளுறை, அதனுள் மசகு, மேலே தொய்வத்தாலான, அதாவது ‘ரப்பரா’லான, புழுதியுறை.

இது தேய்வதேன்? புழுதியுறை கிழிகிறது. மழைநீரும் மணலும் உள்ளே புகுகின்றன. மசகு கரைந்து போகிறது. மணல் அரைக்கும் கல்லாகிறது, நீர் துருவாகிறது. பந்து சிறுக்கிறது, கிண்ணம் அகல்கிறது. ஆனால் நினைவிற் கொள்ளுங்கள்: உறை கிழியாமலே மூட்டுத் தேய்வதும் உண்டு. பள்ளத்தில் ஓங்கி விழுந்த அடியாலும், நெடுநாள் உழைப்பாலும், உள்ளிருக்கும் மசகு வறண்டு போவதாலும் அது நேரும். அந்த ஆசிரியரின் வண்டியில் அதுவே நேர்ந்தது. தண்டோடு கூடிய பந்து, அகன்ற கிண்ணத்தின் வாயைக் கடந்து வெளியே வந்துவிட்டது. உறைமட்டும் கடைசிவரை அழகாகவே இருந்தது.

தேய்வின் அறிகுறிகள் எவை? மேட்டில் ஏறி இறங்கும்போது இடிக்கும் ஓசை ஒன்று. நின்ற இடத்தில் திசைமாற்றியைச் சுழற்றினால் எழும் கிறீச்சொலி ஒன்று. நேரே ஓட்டும்போது வண்டி இப்புறமும் அப்புறமும் அலைதல் ஒன்று. ‘டயர்’ எனப்படும் உருளிப்பட்டை உள்விளிம்பிலோ வெளிவிளிம்பிலோ மட்டும் தேய்தல் ஒன்று. ஆனால் இவ்வறிகுறிகள் வேறு உறுப்புகளின் பழுதாலும் வரலாம். ஓசையைக் கேட்டு உறுப்பை மாற்றுகிறவன் மருத்துவன் அல்லன், குறிசொல்லுகிறவன். அன்று நாங்கள் குறிதான் சொன்னோம், ஆய்ந்து பார்க்கவில்லை.

ஆயும் முறை இது. சமநிலத்தில் வண்டியை நிறுத்துக. பின்னுருளிகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இடுக. முன்புறத்தைத் தூக்கி, உடலின் தாங்குமிடத்தில் முக்காலித் தாங்கியை வைத்து இறக்குக. உருளி அந்தரத்தில் தொங்கட்டும். உருளியின் உச்சியை ஒரு கையாலும் அடியை ஒரு கையாலும் பிடித்து, உள்ளும் புறமும் ஆட்டுக. ஆட்டம் தென்படின், துணையாள் ஒருவரை விட்டுத் தடுப்பியை, அதாவது ‘பிரேக்கை’, மிதித்துப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் மறைந்துபோனால் பழுது உருளியின் உருள்தாங்கியில், அதாவது ‘பேரிங்’கில், இருக்கிறது. மறையாமல் நின்றால் பழுது மூட்டின்பால் இருக்கலாம். கரணியம் என்ன? தடுப்பியை மிதித்தால் உருளியும் கணுவும் ஒன்றாகப் பிணைபடும். அவற்றிடை உள்ள ஆட்டம் அடங்கும். கணுவுக்கும் கீழ்க்கைக்கும் இடையே உள்ள ஆட்டம் அடங்காது.

அடுத்து, உருளியின் இடவிளிம்பையும் வலவிளிம்பையும் பிடித்து ஆட்டுக. அப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் திசைமாற்றியின் இழுகோல் முனையைப் பார்க்கவேண்டும். இறுதியாக, கீழ்க்கைக்கும் கணுவுக்கும் இடையே நெம்புகோலை இட்டு மெல்ல நெம்புக. மற்றொரு கையின் விரல்களை மூட்டின்மேல் வைத்திருக்க. கண் காணாத அசைவை விரல் காணும். பல மூட்டுகளில் ஆட்டம் சிறிதும் இருத்தல் ஆகாது. சிலவற்றிற்குச் சிற்றளவு இசைவு உண்டு. அவ்வளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். கையேட்டைப் பார்க்க நாணாதீர்கள். பாராமல் இருப்பதற்கே நாணவேண்டும்.

தம்பிமாரே, இங்கே ஒன்றைக் கருத்தூன்றிக் கேளுங்கள். நான் இதுவரை சொன்னது நெடுந்தாங்கி முறைக்கு. அதில் வண்டியின் எடையைச் சுருள்வில் மேலே தாங்கிக்கொள்கிறது. கீழே உள்ள பந்துமூட்டு உருளியை இடம்பெயராமல் பிடித்துக்கொள்கிறது. வேறொரு முறை உண்டு. மேலும் கீழும் இரண்டு கைகள், இரண்டு பந்துமூட்டுகள், சுருள்வில் கீழ்க்கையின்மேல் நேரே அமர்ந்திருக்கும். அங்கே கீழ்மூட்டே எடையைத் தாங்குகிறது. அவ்வகை வண்டியை உடலில் தாங்கித் தொங்கவிட்டு ஆட்டினால், வில்லின் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த மூட்டும் புதியது போல் நடிக்கும். ஆகவே கீழ்க்கையின் அடியில் தூக்கியை வைத்து உயர்த்தி, மூட்டின் சுமையை நீக்கிய பின்னரே ஆட்டிப் பார்க்கவேண்டும்.

அவ்வகை வண்டியில் மூட்டைக் கழற்றும்போதோ இடர் இன்னும் பெரிது. அழுந்திக் கிடக்கும் சுருள்வில்லை அங்கே பிடித்து வைத்திருப்பது அந்த மூட்டுத்தான். கீழ்க்கைக்குத் தாங்கல் கொடாமல் மரையைக் கழற்றிவிட்டால், கீழ்க்கை அறைந்து இறங்கும். வில் வெளியே பாயும். அதன் வழியில் நிற்பது கையாயினும் தலையாயினும் அது பாராது. கீழ்க்கையின் அடியில் தூக்கி நிலையாக இருக்கட்டும். வில்லைக் கட்டும் பொறி இருப்பின் கட்டிக்கொள்க. வில்லுக்கு நேரே நில்லாதீர்கள். எந்த வகை வண்டி என்று அறியாமல் எந்த மரையிலும் கைவைக்காதீர்கள். இதை ஒரு தொழிற்கட்டளையாகவே கொள்ளுங்கள்.

இனி, நெடுந்தாங்கி முறை வண்டியில் மூட்டை மாற்றும் முறை.

உருளி தரையில் இருக்கும்போதே அதன் மரைகளைச் சற்றுத் தளர்த்துக. பின்னர்த் தூக்கி, தாங்கியின்மேல் இறக்கி, உருளியைக் கழற்றுக. ‘சாக்கி’ எனப்படும் தூக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கு அன்று. அதனை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலையை நீட்டியவன் தன் பிள்ளைகளை நினைக்கவில்லை என்பேன். கழற்றிய உருளியையும் வண்டியின் அடியில் கிடத்தி வையுங்கள். தாங்கி நழுவினாலும் அது உங்கள் உயிரைத் தாங்கும்.

மூட்டைச் சுற்றிய மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துப்புரவு செய்க. துருவில் ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பொறுமையும் ஒரு கருவிதான். தண்டின் நுனியில் இருக்கும் மரையைப் பாருங்கள். அதன் தலை கோட்டை மதிலின் முகடுபோல் வெட்டு வெட்டாக இருக்கும். அது கோட்டை மரை. அவ்வெட்டினூடே தண்டைத் துளைத்துச் செல்லும் பிளவாணி, மரை சுழலாதபடி காவல் செய்யும். நாம் ‘சிபிலிட்டு பின்’ என்பது அதுவே. பிளவாணியை உருவுக. மரையை முழுதும் கழற்றிவிடாதீர்கள். சில புரிகள் பிடித்திருக்கட்டும். தண்டு வெடுக்கென்று விடுபடும்போது கீழ்க்கை அறைந்து விழாமல் அம்மரை பிடித்துக்கொள்ளும்.

இப்போது தண்டைக் கணுவினின்று விடுவிக்கவேண்டும். தண்டு கூம்பு வடிவானது. கணுவின் துளையும் கூம்பு வடிவானது. ஆண்டுக்கணக்காக ஒன்றிலொன்று ஆப்பறைந்தாற்போல் இறுகிக் கிடக்கும். இங்கேதான் பலரும் தண்டின் நுனியில் சுத்தியலால் ஓங்கி அறைகிறார்கள். மரைப்புரி நசுங்கும், தண்டு விடாது. கணுவின் துளையைச் சுற்றியுள்ள பருத்த பக்கத்தில், பக்கவாட்டில், இரண்டு மூன்று முறை ஓங்கித் தட்டுக. துளை நொடிப்பொழுது நெளியும், கூம்பு விடுபடும். இதற்கென்றே உள்ள திருகு விடுவிப்பான் இருப்பின் இன்னும் நன்று. கவைபோல் பிளந்த ஆப்பை அறைந்தும் விடுவிக்கலாம்; ஆனால் அது புழுதியுறையைக் கிழித்துவிடும். மூட்டை எறியப்போகிறோம் என்றால் கிழியட்டும். மீண்டும் பூட்டப்போகும் மூட்டாயின் அதனைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் கூம்பும் கோட்டை மரையும் இல்லை. கணுவின் பிளவுபட்ட காதில் தண்டைச் செருகி, குறுக்கே ஒரு மரையாணியால் இறுக்கியிருப்பர். அங்கே அந்த ஆணியை முழுதும் உருவிய பின்னரே தண்டு வெளிவரும்.

தண்டு விடுபட்டதும் கணுவை அளவுக்கு மீறி வெளியே இழுக்காதீர்கள். முன்னுருளியால் ஓடும் வண்டியில் ஓட்டுத்தண்டின் உள்மூட்டுக் கழன்றுவிடும். தடுப்பியின் குழாயும் இழுபடும். ஒரு கம்பியால் கணுவைக் கட்டி நிறுத்துக.

கீழ்க்கையினின்று பழைய மூட்டை நீக்குவதில் மூவகை உண்டு. தறையாணிகளால் அறைந்து பொருத்தியது ஒன்று. ஆணித்தலையைத் துளைத்தெடுத்து, புதிய மூட்டோடு தரும் மரையாணிகளால் பூட்டவேண்டும். அந்த ஆணிகளுக்கு மாறாகப் பெட்டியில் கிடந்த ஏதோ ஓர் ஆணியை இடுதல் கூடாது. வலுவில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ஆணிகள் ஒன்றல்ல. அழுத்திப் பொருத்தியது இரண்டாவது. அதற்கு அழுத்துபொறி வேண்டும். வளையக் கொக்கி இருப்பின் முதலில் எடுக்கவேண்டும். புதியதை அழுத்தும்போது விளிம்பில் மட்டுமே அழுத்தவேண்டும். நடுமூடியில் அழுத்தினால் புதிய மூட்டு அங்கேயே பழையதாகிவிடும். கீழ்க்கையோடு ஒன்றாகவே வார்த்தது மூன்றாவது. அங்கே கையையே மாற்றவேண்டும். அவ்வாறு மாற்றும்போது, கையின் மறுமுனையிலுள்ள தொய்வ உள்ளுறை ஆணிகளை, உருளி தொங்கும் நிலையில் முழுதும் முடுக்காதீர்கள். வண்டி தன் எடையோடு நிற்கும் நிலையில் இறுதியாக முடுக்குக. இல்லையேல் தொய்வம் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவிற் கிழியும்.

புதிய மூட்டின் கூம்புத் தண்டையும் கணுவின் துளையையும் நன்கு துடையுங்கள். அங்கே மசகு தடவாதீர்கள். கூம்பின் பிடிப்பு உராய்வால் நிற்பது. மசகு அதனைக் குலைக்கும். மரையை முறுக்களவியால் கையேட்டில் குறித்த அளவுக்கு முடுக்குக. அரை மீட்டர் நீளப் பிடியின் முனையில் 10 கிலோ எடையளவு விசை கொடுத்தால் கிடைக்கும் முறுக்கு ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர். இக்கணக்கு உங்கள் கைக்குப் பழகட்டும். ஆயினும் கையை நம்பிக் கருவியைக் கைவிடாதீர்கள். குறித்த அளவில் முடுக்கியபின் கோட்டை மரையின் வெட்டும் தண்டின் துளையும் நேர்ப்படவில்லை என்றால், மேலும் சற்று முடுக்கி நேர்ப்படுத்துக. துளைக்காக மரையைத் தளர்த்தாதீர்கள். பிளவாணி புதியதாகவே இருக்கட்டும். சில காசு விலையுள்ள அந்த ஆணியை மிச்சப்படுத்தி எவரும் செல்வர் ஆனதில்லை.

மசகு ஊட்டும் முகப்பு இருப்பின் மசகு ஊட்டுக. உறை புடைத்து வெடிக்கும்வரை ஊட்டாதீர்கள். மறுபக்கத்து மூட்டையும் தவறாது ஆய்ந்து பாருங்கள். அதுவும் அதே சாலையில் அத்தனை தொலைவும் ஓடியதுதானே! பின்னர் உருளிகளின் சாய்வையும் நேர்மையையும் கருவியால் அளந்து சீர்செய்க. மெல்ல ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்து, மரையையும் பிளவாணியையும் ஒருமுறை கண்ணால் காண்க. அதன் பின்னரே வண்டியை உடையவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

செய்யக்கூடாதன சில. தீயைக் காட்டிக் கணுவைச் சூடேற்றாதீர்கள். பதப்படுத்திய எஃகின் வலு போய்விடும். தேய்ந்த கிண்ணத்தைத் தட்டி நெருக்கியோ, பற்றவைத்தோ, உள்ளே தகடு செருகியோ "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று வண்டியுடையார் கெஞ்சினாலும், உண்மையைச் சொல்லுங்கள். ஏழை ஒருவன் செலவுக்கு அஞ்சுவது இயல்பு. அவன் அச்சத்தைப் பயன்படுத்திப் பழையதை ஒட்டுப்போட்டு அனுப்புவது அவனுக்குச் செய்யும் இரக்கம் அன்று.

அவையீர்! தமிழன்பர்கள் ஐயுறலாம்: "இவன் தமிழ்ப் பெயர்களைச் சொல்லுகிறான், கடைக்காரனிடம் பந்துமூட்டுக் கொடு என்றால் கொடுப்பானா?" என்று. இன்று கொடுக்கமாட்டான். அங்கே ‘பால் சாயிண்டு’ என்றுதான் கேட்கவேண்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறேன். மறைக்கவில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை அறியாத தொழிலாளி தவறான உறுப்பை வாங்கி வருவான். ஆகவே அச்சொல்லையும் அவன் அறிந்திருக்கட்டும். ஆனால் வாங்குவதற்கு ஒரு சொல் போதும். விளங்கிக்கொள்வதற்கு வேறொரு சொல் வேண்டும். ஆங்கிலேயன் பிள்ளைக்கு அவன் சொல்லில் பந்தும் தெரிகிறது, மூட்டும் தெரிகிறது. அவனுக்கு அது தாய்மொழி. நம் பிள்ளைக்கு அச்சொல்லில் ஒன்றும் தெரியவில்லை. ஓசை மட்டும் கேட்கிறது. அதனால்தான் கறுப்புறையை மூட்டென்று எண்ணினான். பந்துமூட்டு என்றவுடன் பந்து எங்கே, கிண்ணம் எங்கே என்று தேடுவான். புழுதியுறை என்றவுடன் அது வெறும் உறை என்று அறிவான். கூம்புத் தண்டு என்றவுடன் மசகு ஏன் தடவக்கூடாது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கடையில் அச்சொல்லும், பட்டறையில் இச்சொல்லும் இன்று வழங்கட்டும். பட்டறையில் இச்சொல் வேரூன்றினால் நாளை கடைக்கும் அதுவே வரும். பேருந்து என்ற சொல்லையும் ஒரு காலத்தில் சிரித்தவர் உண்டு. இன்று நடத்துநரும் பயணியரும் அதைச் சிரியாமல் சொல்லுகின்றனர்.

முன்வரிசையில் அனுப்பிய மூட்டு இப்போது பின்வரிசைக்குப் போயிருக்கும். அதனை எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள். அஃது என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குவது. புதிதாகத் தொழில் கற்க வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்நாள் அதைத்தான் கையிற் கொடுக்கிறேன். அன்று தவறிய அந்த இளைஞன் இன்று தனியே பட்டறை வைத்திருக்கிறான். அவனிடமும் ஒரு பையன் பயில்கிறான். ஒருநாள் அவ்வழியே சென்றபோது பார்த்தேன்: அந்தப் பையன் தன் வலக்கையை இடத்தோளின்மேல் வைத்து, இடக்கையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

அந்த ஆசிரியர் இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். ஆறு திங்களுக்கு ஒருமுறை கொண்டுவருகிறார். நானே அடியில் படுத்து, நானே நெம்புகோலை இட்டு, விரலை வைத்துப் பார்த்து அனுப்புகிறேன். அவர் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

தம்பிமாரே! நாளைக் காலை உங்கள் பட்டறைக்கு வரும் முதல் வண்டியின் முன்புறத்தைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, உருளியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் சிறுவனுக்கு அவன் மொழியில் அதனை விளக்கிச் சொல்லுங்கள்.